அப்பாவின் டார்ச்சும் பதிமூன்று வாட் வெளிச்சமும்

(பெங்களூர் அடுகோடியில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. பேச்சு நடையிலேயே தரப்படுகிறது.)



போன கூட்டத்தில் ஒரு டாக்டர் சர்க்கரை வியாதி பற்றிப் பேசினார். அதற்கு முந்தின கூட்டத்தில் ஒரு வக்கீல் உயில் எழுதுவது பற்றிப் பேசினார். இந்தத் தடவை அழைப்பிதழில் 'டார்ச் லைட்' என்று பார்த்ததும் பல பேருக்குச் சிரிப்பு வந்திருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு மாமி கேட்டுவிட்டார்: "டார்ச்சைப் பத்தி அரை மணி என்ன பேசப் போறேள்? அமுக்கினா எரியறது. அவ்வளவுதானே!"

அமுக்கியும் எரியாமல் போன ஒரு ராத்திரியைப் பற்றித்தான் பேசப் போகிறேன், மாமி.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நான் இந்த அடுகோடியில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருப்பவன். மைக்கோ என்று நாம் சொல்லிப் பழகி, 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியதே, அந்தத் தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டூல் ரூம்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் 'இதை இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்திருக்கலாமே' என்று கை அரிக்கும். அந்த அரிப்பில் மாட்டியதுதான் என் அப்பாவின் டார்ச்.

அது இரண்டு செல் போடும் பித்தளை டார்ச். மேலே நிக்கல் முலாம், முன்னால் கண்ணாடி, உள்ளே உலோக ரிப்ளெக்டர், பக்கவாட்டில் தள்ளும் ஸ்விட்ச். உங்களில் ஐம்பதைத் தாண்டிய எல்லார் ஆத்திலும் அந்த மாதிரி ஒன்று இருந்திருக்கும். எவரெடியின் பித்தளை டார்ச்சுக்கு 'ஜீவன் சாத்தி', அதாவது வாழ்க்கைத் துணை என்றே பெயர். அந்தக் கம்பெனி 1934-ல் இந்தியாவில் பதிவானது. 1958-ல் லக்னோவில் டார்ச்சுக்கென்றே தனித் தொழிற்சாலை போட்டார்கள். கிராமங்களில் பேட்டரிக் கட்டை என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும், ராத்திரி ரயிலுக்குப் போகிறவரும், கொல்லைப்புறம் போகிற பாட்டியும் அதை நம்பித்தான் இருட்டில் காலை வைத்தார்கள்.

பெங்களூருக்கு மின்சார விளக்கு வந்தது 1905 ஆகஸ்டில். சிவசமுத்திரத்தில் இருந்து அதற்கு மூன்று வருஷம் முன்பே கோலார் தங்கவயலுக்குக் கரண்ட் போய்விட்டது. இப்படிப்பட்ட பெருமை உள்ள ஊரில், தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் நாம் மின்வெட்டில் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். மழை ஒரு தூறல் போட்டால் போதும், தெரு இருண்டுவிடும். அப்போது ஆத்தில் எல்லாரும் தேடுவது அப்பாவின் டார்ச்சைத்தான்.

அதன் வெளிச்சம் எப்படி இருக்கும்? மஞ்சளாக, சோகையாக, நடுவில் ஒரு கறுப்பு வளையத்தோடு இருக்கும். புது செல் போட்ட முதல் பத்து நிமிஷம்தான் மரியாதையாக எரியும். அப்புறம் ஒவ்வொரு நாளும் மங்கிக்கொண்டே போகும். 2001-ல் ஒரு நாள், இதைச் சரி பண்ணியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

இங்கே கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், பள்ளிக்கூடக் கணக்குதான்.

பழைய பல்பு 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர். பெருக்கினால் முக்கால் வாட். முக்கால் வாட்டில் என்ன வெளிச்சம் கிடைக்கும்? அதிலும் இழை பல்புக்குப் போகிற சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. வெளிச்சமாக வருவது நூற்றுக்கு ஐந்து பங்கு இருந்தால் அதிகம். ஆனால் ஒரு ரகசியம் உண்டு. டங்ஸ்டன் இழை எவ்வளவு சூடாகிறதோ, அவ்வளவுக்கு வெளிச்சத்தின் பங்கு கூடும், நிறமும் வெளுக்கும். மங்கின டார்ச் மஞ்சளாக இருப்பது இழைக்குப் போதிய சூடு இல்லாததால்தான். டங்ஸ்டன் 3422 டிகிரி செல்சியஸில்தான் உருகும். வீட்டு குண்டு பல்பின் இழை சுமார் 2500 டிகிரியில் எரியும். நடுவில் நிறைய இடம் இருக்கிறதே என்று என் டூல் ரூம் மூளை சொல்லிற்று.

எஸ்.பி. ரோடுக்குப் போனேன். மைக்ராஸ்கோப்பில் போடுகிற 6 வோல்ட், 10 வாட் ஹாலஜன் பல்பு ஒன்று வாங்கினேன். கடலைப்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு, இரண்டு ஊசிக்கால். சாதாரண பல்பில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் கறுப்பாகப் படியும். ஹாலஜன் பல்பில் உள்ளே இருக்கும் வாயு அதைப் பிடித்து இழைக்கே திருப்பிக் கொண்டுபோய் விடும். அதனால் அதிக சூட்டைத் தாங்கும்.

அடுத்தது பேட்டரி. பெரிய செல்லின் விட்டம் 33 மில்லிமீட்டர், நீளம் 61. நாம் பென் டார்ச் செல் என்கிறோமே, அதன் விட்டம் பதினாலரை, நீளம் ஐம்பது. காகிதத்தில் வட்டம் போட்டுப் பார்த்தேன். ஒரு பெரிய செல்லின் இடத்தில் மூன்று பென் டார்ச் செல் பக்கத்தில் பக்கத்தில் சரியாக உட்காரும். இரண்டு அடுக்கு போட்டால் ஆறு. சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட். ஆறும் தொடராகச் சேர்ந்தால் 7.2 வோல்ட். ஆறு வோல்ட் பல்புக்கு 7.2 வோல்ட்! பழைய முக்கால் வாட் இடத்தில் ஏறக்குறைய பதிமூன்று வாட்.

மிச்சம் இருந்த இடத்தை அடைக்க ஒரு செம்புத் துண்டைக் கடைந்தேன். பழைய ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டுக் கனமான ஸ்ப்ரிங் போட்டேன். பின்மூடிக்குள் ஒரு உபரி பல்பை வைத்துக்கொள்ளச் சின்னக் குழி இருந்தது. அந்தக் காலத்துப் பித்தளை டார்ச் பலவற்றில் இது உண்டு. என் ஸ்ப்ரிங்குக்கு அது இடைஞ்சல். அதையும் அதிலிருந்த பல்பையும் எடுத்துப் போட்டேன். இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடிக்குப் போய் அமுக்கினேன். நாலு கட்டடம் தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டி பட்டப்பகல் போலத் தெரிந்தது. பக்கத்து மாடிப் பையன்கள் கை தட்டினார்கள். ஆத்துக்காரி மட்டும், "கார் ஹெட்லைட்டைக் கையில வச்சுண்டு என்ன பண்ணப் போறேள்?" என்று கேட்டாள். அப்பா வாங்கிப் பார்த்தார். முன்கண்ணாடியைத் தொட்டு, "சுடறதேடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டு மாசம் எனக்கு ஏகப் பெருமை. அப்புறம் வந்தது அந்த ராத்திரி.

என் அம்மாவுக்கு ஆஸ்துமா. மழைக்காலத்தில் ஜாஸ்தியாகும். அன்றைக்கு சாயங்காலம்தான் செல்களை முழுசாக சார்ஜ் செய்து டார்ச்சில் போட்டு வைத்திருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு மேல் இருக்கும், கரண்ட் இல்லை. உள்ளிருந்து அம்மா குரல்: "டேய்... மூச்சு முட்டறதுடா..." எழுந்தேன், டார்ச்சை எடுத்தேன், ஸ்விட்சைத் தள்ளினேன்.

மின்னல் மாதிரி ஒரே ஒரு வெளுப்பு. அப்புறம் இருட்டு.

சாதாரண இருட்டுகூட இல்லை. அந்த ஒரு மின்னலில் கண் கூசிப்போய், ஜன்னல் வழியாக வரும் கொஞ்சநஞ்ச வெளிச்சமும் தெரியவில்லை. தட்டுத்தடுமாறிப் போய் அம்மா கட்டில் பக்கத்து ஸ்டூலில் இடித்தேன். சொம்பு உருண்டது, மாத்திரை டப்பா உருண்டது, இன்ஹேலர் எங்கேயோ போய் விழுந்தது. தண்ணீரில் மண்டி போட்டுத் தரையைத் துழாவுகிறேன். அம்மா மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கிறது. ஆத்துக்காரி சமையலறையில் தீப்பெட்டியைக் கண்டுபிடித்து, ஸ்வாமி அலமாரியில் இருந்த விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தாள். அந்த ஒரு திரி வெளிச்சத்தில், கட்டில் காலுக்குப் பின்னால் இருந்த இன்ஹேலர் கிடைத்தது. அம்மா பிழைத்தார். ஆறேழு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு இன்றைக்கும் அது ஆறேழு நிமிஷமாகத் தெரியவில்லை.

எல்லாம் அடங்கின பிறகு அப்பா கேட்டார்: "அந்தப் பின்மூடிக்குள்ள ஒரு பல்பு இருந்துதே. அது எங்கேடா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாளிலிருந்து, ஏன் இப்படி ஆயிற்று என்று உட்கார்ந்து யோசித்தேன். மூன்று காரணம் கிடைத்தது. மூன்றும் நான் செய்ததே.

முதல் காரணம், ஆயுள். இழை பல்புக்கு வோல்டேஜை நூற்றுக்கு ஐந்து கூட்டினால் வெளிச்சம் சுமார் பதினெட்டு சதவீதம் கூடும். ஆனால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். இருபது சதவீதம் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கை நெருங்கும், ஆயுளோ பத்தில் ஒரு பங்கு அல்லது இருபதில் ஒரு பங்கு. நான் செய்தது சரியாக அந்த இருபது சதவீதம். நூறு மணி நேரம் எரிய வேண்டிய பல்பை ஐந்து, பத்து மணி நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதிலும் பாதியை மாடியில் வேடிக்கை காட்டியே செலவழித்திருந்தேன்.

இரண்டாவது, புது சார்ஜ். நிக்கல் செல்லில் 1.2 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு 1.4 வோல்ட் காட்டும். ஆறு செல்லுக்கு 8.4. ஆறு வோல்ட் பல்புக்கு அது அடி இல்லை, கொலை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய பாடம். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் ஸ்விட்ச் போட்ட முதல் கணத்தில் பல மடங்கு மின்சாரம் பாயும். வீட்டில் குண்டு பல்பு எப்போது போகும் என்று நினைத்துப் பாருங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது போவது அபூர்வம், போடும்போதுதான் 'டப்' என்று போகும். பழைய கார்பன் செல்லுக்கு உள்தடை அதிகம், அதனால் அவ்வளவு மின்சாரத்தைக் கொடுக்க வராது. நிக்கல் செல் கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிடும். இத்தனை வருஷமாக எதைச் சோகை என்று திட்டிக்கொண்டிருந்தேனோ, அதுதான் அப்பாவின் பல்பைக் காப்பாற்றி வந்திருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. அன்றைக்கு உபரி பல்பு பின்மூடிக்குள் இருந்திருந்தாலும் உபயோகப்பட்டிருக்காது. 2.5 வோல்ட் பல்பை ஏழு வோல்டில் போட்டால் அதுவும் அதே கணத்தில் போயிருக்கும். ஒரு பொருளில் ஒரு பாகத்தை மாற்றினால், அதை நம்பி இருக்கிற மற்ற எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

டார்ச்சை நான் தூக்கிப் போடவில்லை. திருத்தினேன். ஆறு செல்லில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதே அளவு உலோக டம்மி போட்டேன். ஐந்து செல், ஆறு வோல்ட், ஆறு வோல்ட் பல்பு. பல்புக்கு முன்னால் ஒரு சின்ன தெர்மிஸ்டர் சேர்த்தேன். அது குளிர்ந்திருக்கும்போது அதிகத் தடை கொடுத்து, சூடானதும் விலகிக்கொள்ளும். அதனால் பல்பு 'பளிச்' என்று எரியாமல், தூங்கி எழுந்திருக்கிற மாதிரி மெதுவாக எரியும். வெளிச்சம் முன்னைவிடக் குறைவுதான். ஆனாலும் அப்பாவின் பழைய பல்பைவிடப் பல மடங்கு. பின்மூடியில் இன்னொரு ஹாலஜன் பல்பை, கை படாமல் காகிதத்தில் சுற்றி வைத்தேன். ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் கெடும்.

இதெல்லாம் சொன்னதும் சில இளைஞர்களுக்கு இப்போதே தாத்தாவின் டார்ச்சைத் தேடத் தோன்றும். தேடுங்கள், நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் சில எச்சரிக்கை.

பித்தளை டார்ச்சில் உடம்பே ஒரு கம்பி. நிக்கல் செல் ஷார்ட் ஆனால் ஸ்ப்ரிங் பழுக்கக் காய்ந்து கையைச் சுடும். செல்களைச் சுற்றிக் கெட்டியான உறை போடாமல் உள்ளே தள்ளாதீர்கள். பத்து வாட் பல்பை பிளாஸ்டிக் டார்ச்சில் போட்டால் ரிப்ளெக்டர் உருகும். உலோக டார்ச்சானாலும் எரியும்போது மெத்தையில் கவிழ்த்து வைத்தால் துணி கருகும். புதுசும் பழசுமாக செல்களைக் கலக்காதீர்கள். வெளிச்சம் மஞ்சளாக ஆரம்பித்ததும் அணைத்துவிடுங்கள். அதற்கு மேலும் எரியவிட்டால், பலவீனமான செல்லை மற்ற செல்கள் தலைகீழாக சார்ஜ் செய்து கெடுத்துவிடும். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த லித்தியம் செல்லைப் போடலாமா என்று ஒரு பையன் போன வாரம் கேட்டான். கூடாது. பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத லித்தியம் செல் தீப்பிடிக்கும். கெட்டுப்போன நிக்கல்-காட்மியம் செல்லைக் குப்பையில் போடாதீர்கள், காட்மியம் விஷம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் தனியாகச் சேகரிக்க வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: "எல்.இ.டி. வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?" நியாயமான கேள்வி. ஜப்பானில் தொண்ணூறுகளில் பிரகாசமான நீல எல்.இ.டி. வந்து, அதிலிருந்து வெள்ளை விளக்கு பிறந்தது. 2014-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. என் பத்து வாட் ஹாலஜன் கொடுத்ததை இன்றைக்கு இரண்டு மூன்று வாட் எல்.இ.டி. கொடுத்துவிடும். சூடும் இல்லை, இழை அறுந்துபோகும் பயமும் இல்லை. கட்டில் பக்கத்துக்கு அதுதான் சரி. நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். பட்டுப் புடவையின் நிஜ நிறம் பார்க்க இழை விளக்குக்கு ஈடு இல்லை என்பேன், ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு யாரும் புடவை நிறம் பார்ப்பதில்லை.

ஆனால் எல்.இ.டி.யும் பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. ஆறு மாசம் தொடாத டார்ச்சில் எதுவும் நிச்சயம் இல்லை. பழைய வகை நிக்கல் செல் ஒரே மாசத்தில் கால் பங்கு சார்ஜைத் தானாகவே இழக்கும். 2005-ல் சான்யோ கொண்டுவந்த புது வகை ஒரு வருஷத்துக்குப் பிறகும் பெரும்பகுதியை வைத்திருக்கும், வாங்கினால் அந்த வகையை வாங்குங்கள். கார்பன் செல்லில் துத்தநாக டப்பாவே கரைந்துதான் மின்சாரம் வருகிறது. தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டால் ஓட்டையாகி ஒழுகி டார்ச்சை அரித்துவிடும். கார்பன் செல் ஒழுகியிருந்தால் சமையல் சோடா கரைசலில் நனைத்த துணியாலும், ஆல்கலைன் செல் ஒழுகியிருந்தால் எலுமிச்சைச் சாற்றாலும் துடையுங்கள்.

பேச்சுக்கு அப்புறம் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "கடைசியா என்னதான் சொல்றேள்? மாத்தலாமா, கூடாதா?"

நான் சொன்ன பதில் இதுதான். தாராளமாக மாற்றலாம். ஆனால் ஆத்தில் இரண்டு டார்ச் வேண்டும். ஒன்று உங்கள் ஆசைக்கு. அதில் என்ன பல்பு வேண்டுமானாலும் போடுங்கள், மாடியில் நின்று நிலாவரைக்கும் அடியுங்கள். இன்னொன்று ஆத்தில் இருக்கிற வயசானவர்களுக்கு. அதில் கை வைக்காதீர்கள். ரெண்டுக்கும் ஒரே டார்ச் போதும் என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு. வெளிச்சத்தைக் கூட்ட எனக்கு ஒரு சனிக்கிழமை போதுமானதாக இருந்தது. அமுக்கின உடனே எரியும் என்ற நம்பிக்கையை அப்பாவின் டார்ச் எங்களுக்கு முப்பது வருஷமாகக் கொடுத்து வந்தது. அதை நான் ஒரு ஸ்ப்ரிங்குக்காக எடுத்துப் போட்டேன்.

அம்மா அதற்கப்புறம் எட்டு வருஷம் இருந்தார். அப்பாவும் இப்போது இல்லை. திருத்திய டார்ச் இதோ என் கையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் எல்லாரும் எடுத்துப் பார்க்கலாம், பின்மூடியையும் திறந்து பார்க்கலாம். இன்று ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஆத்து டார்ச் எங்கே இருக்கிறது என்று விளக்கை அணைத்துவிட்டுத் தேடி எடுங்கள். ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். எரிந்தால் சந்தோஷம். எரியாவிட்டால், அது இன்றைக்கே தெரிந்ததற்கு இன்னும் சந்தோஷப்படுங்கள்.